மனைவியின் பாட்டுக்கு ஓர் இடைக்காலப் பதில்

அலுவலகத்துக்கு ஒரு கடிதம் வந்தால் அதற்குப் பதில் அனுப்ப வேண்டும். உடனே பதில் அனுப்ப முடியாத விடயமென்றால், கடிதம் கிடைத்தது, விடயம் கவனிக்கப்படுகிறது என்று ஓர் இடைக்காலப் பதிலாவது அனுப்ப வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் முதலில் படித்த விதி இது. ஓய்வு பெறும்வரை மற்றவர்களுக்கும் படிப்பித்தேன். பிரதேச செயலகமொன்றில் நிர்வாக உத்தியோகத்தராக, ஊர் வாயில் ஏ.ஓ.வாக, இருந்தவன் நான். என் மேசையில் பதிலில்லாமல் ஒரு கடிதமும் கிடந்ததில்லை. அப்படிக் கிடந்திருந்தால், அது வேறொருவருடைய மேசையில்தான் கிடந்தது என்று நிரூபிக்க என்னிடம் ஆதாரம் இருந்திருக்கும்.

வாயால் கேட்கப்பட்ட கேள்விக்கு இந்த விதி பொருந்துமா என்று எந்தச் சுற்றறிக்கையிலும் சொல்லப்படவில்லை. குசினிக்குள் நின்று மனைவி கேட்கும் கேள்விக்குப் பொருந்துமா என்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

கேள்வி வந்தது தை மாதத்தில். பரந்தன் சந்தியிலிருந்து கொஞ்சம் உள்ளே இருக்கிறது எங்கள் வீடு. பின்வளவுக்கு அங்கால் வயல். அன்று அங்கே நெல் அறுக்கும் வெட்டு மெசின் இறங்கியிருந்தது. நான் விறாந்தையில் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தேன். மனைவி குசினிக்குள் நின்று பாடிக்கொண்டிருந்தாள். பாடி முடித்துவிட்டு, கையைத் துடைத்தபடி வாசலுக்கு வந்தாள்.

"என்னப்பா, நான் பாடினது எப்பிடி இருந்தது?"

அவள் பாடுவது எனக்குத் தெரியும். தண்ணீர் மோட்டர் ஓடுவது தெரிவதைப் போலத் தெரியும். முந்தின வருடம் வெளிநாட்டிலிருக்கும் மகள் ஒரு கைபேசி அனுப்பியிருந்தாள். அதில் தேவாரம் பாடப் படிப்பிக்கும் வகுப்பொன்று வந்தது. தினமும் காலையில் அதை அரிசிப் பானைக்குப் பக்கத்தில் சாத்தி வைத்துவிட்டு, அது ஒரு வரி பாட, இவள் ஒரு வரி பாடுவாள். எதற்காக என்று நான் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அன்று இவ்வளவு திகைத்திருக்க மாட்டேன்.

எங்கள் பிள்ளையார் கோயிலில் பூசை முடிந்ததும் ஐயர் சனங்களின் பக்கம் திரும்பிப் பஞ்சபுராணம் ஓதச் சொல்லுவார். கூட்டத்தில் யாராவது ஐந்து பாட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பாட வேண்டும். பங்குனித் திருவிழாவில் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு குடும்பத்தின் உபயம். அன்றைக்கு அந்தக் குடும்பத்திலிருந்து ஒருவர் பாடுவதுதான் வழமை. எங்கள் குடும்பத்தில் பாடுவார் இல்லை என்று வருடா வருடம் ஓய்வுபெற்ற சங்கீத ஆசிரியர் ஒருவரைக் கேட்போம். ஊரில் அவருக்கு மாஸ்டர் என்று பெயர். அவர் பாடிவிட்டு, வடையும் மோதகமும் வாங்கிக்கொண்டு போவார். இந்த வருடம் தானே பாடினால் என்ன என்பது மனைவியின் எண்ணம்.

"நல்லாத்தானே பாடுறீர்," என்றேன்.

"கேட்டனீங்களோ?"

"காதிலை விழுந்தது."

"அது வேறை, கேக்கிறது வேறை. இஞ்சாருங்கோ, ஊரிலை எல்லாரும் நல்லாயிருக்கெண்டுதான் சொல்லுவினம். நீங்கள் ஒராள்தான் இல்லாததை எழுத மாட்டியள். என்ர அண்ணன்ர பெடியன் பொய் விலாசம் போட்டுக் கொண்டுவந்த பத்திரத்திலையே கையெழுத்து வைக்காத மனுசன். நான் சபையிலை பாடலாமோ, கூடாதோ? பாடலாமெண்டு நீங்கள் சொன்னாப் பாடுறன். கூடாதெண்டா மாஸ்டரிட்டையே சொல்லுவம். வயசுபோன நேரத்திலை ஊர் சிரிக்கக் கூடாது."

அந்தக் கையெழுத்து விவகாரம் எங்கள் வீட்டில் ஒரு பாராட்டாகச் சொல்லப்பட்டது அன்றுதான் முதல் தடவை. அந்த மகிழ்ச்சியில் நான் அவசரப்பட்டுவிட்டேன்.

"திருப்திகரம்," என்றேன்.

வெளியே உள்ளவர்களுக்கு இதை விளக்க வேண்டும். அரச சேவையில் ஓர் உத்தியோகத்தரின் வருடாந்தச் சம்பள உயர்ச்சிக்குச் சிபாரிசு செய்யும்போது, வேலையும் நடத்தையும் திருப்திகரம் என்று எழுதுவோம். அதற்கு மேலே சொல் கிடையாது. நான் பார்த்த மிகச் சிறந்த எழுதுவினைஞருக்கும் அதையே எழுதினேன். வேறெதையாவது எழுதினால் கணக்குப் பகுதியிலிருந்து விளக்கம் கேட்பார்கள்.

மனைவி கை துடைத்த துணியைத் தோளில் போட்டாள்.

"அப்ப எனக்கு இன்கிறிமென்ற் வருமோ?"

நான் பேப்பரை மடித்து வைத்தேன். "விடயம் கவனிக்கப்படும். உபயத்துக்கு முன்னம் முடிவு சொல்லுறன்."

"எழுத்திலை தருவியளோ?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள். குசினியில் பானை மூடியொன்று, தேவைக்கு அதிகமான சத்தத்தோடு வைக்கப்பட்டது.

இடைக்காலப் பதில் கொடுத்தாயிற்று. இனி விடயத்தைக் கவனிக்க வேண்டும். அங்கேதான் சிக்கல். ஒரு பாட்டு நல்லதா இல்லையா என்று மனிதர்கள் எப்படி அறிந்துகொள்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாது. என் வாழ்க்கையில் நான் கேட்ட பாட்டெல்லாம் மற்றவர்கள் போட்டவை: பஸ்ஸில் சாரதி, கலியாண வீட்டில் ஒலிபெருக்கிக்காரர். ஒலிபெருக்கி அனுமதிக்கு யாரிடம், எத்தனை நாளுக்கு முன் விண்ணப்பிக்க வேண்டும் என்று கேட்டால் நித்திரையிலும் சொல்வேன். அந்த ஒலிபெருக்கிக்குள்ளிருந்து வருவதைப் பற்றி என்னிடம் ஒருவரும் கேட்டதில்லை.

மறுநாள் கிளிநொச்சி நூலகத்தில் மாஸ்டரைப் பிடித்தேன். அவர் பத்திரிகைப் பகுதியில் மரண அறிவித்தல்களை வாசித்துக்கொண்டிருந்தார்.

"மாஸ்டர், ஒரு பாட்டு நல்லதோ கூடாதோ எண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "ஏ.ஓ. ஐயா, உடம்புக்கு ஏதும் செய்யுதோ?"

"இல்லை, ஒரு தேவைக்கு."

"கேக்க வேணும். வேறை வழியில்லை."

"எவ்வளவு காலம்?"

"சாகுமட்டும்."

"எனக்குப் பங்குனிக்குள்ளை வேணும்."

மாஸ்டர் சிரித்த சிரிப்பில் நூலகர் எழுந்து பார்த்தார். பிறகு மாஸ்டர் எனக்காக இரங்கி, பாட்டைவிடக் கவிதை சுலபம், நின்று நிதானமாகப் பார்க்கலாம், ஓடாது, அதிலிருந்து தொடங்குங்கள் என்றார். ஒரு கவிதைத் தொகுப்பை இரவல் எடுத்துப் போனேன். வாசித்தேன். சொற்கள் எல்லாம் விளங்கின. ஒரு கவிதையில் மழை பெய்கிறது, ஒரு பெண் கொடியில் காய்ந்த உடுப்புகளை எடுக்கிறாள், ஒரு சட்டையை மட்டும் விட்டுவிடுகிறாள். அத்தோடு பக்கம் முடிகிறது. அடுத்த பக்கத்தில் வேறு கவிதை. இடையில் ஒரு தாள் கிழிந்திருக்கிறது என்று நினைத்து, புத்தகத்தைக் கொண்டுபோய் நூலகரிடம் முறைப்பாடு செய்தேன். பொறுப்பான பிள்ளை. பக்க எண்களைச் சரிபார்த்துவிட்டுச் சொன்னார்:

"ஒண்டும் கிழியேல்லை ஐயா. அது அவ்வளவுதான்."

"அந்தச் சட்டை யாற்றை?"

"அதைச் சொல்லேல்லை."

"சொல்லாட்டி எப்பிடி முடிவெடுக்கிறது?"

"நீங்கள் ஏன் ஐயா முடிவெடுக்க வேணும்?" என்றார். அவர் மரியாதையோடுதான் கேட்டார். புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன். ஆனால் அன்று பின்னேரம், மழை இருட்டில் எங்கள் வீட்டுக் கொடியில் கிடந்த என் சட்டையை மனைவி எடுத்துவிட்டாளா என்று இரண்டு தரம் எட்டிப் பார்த்தேன். எடுத்துவிட்டாள். இதை எந்தத் தலைப்பின் கீழ் பதிவது என்று தெரியவில்லை.

மாசியில் கோயில் சுவருக்குப் படம் வரைய வவுனியாவிலிருந்து ஓர் ஓவியர் வந்தார். நான் கோயில் பரிபாலன சபையின் செயலாளர். விலைமனுவில் சுவாமி உருவம் மட்டுமே கேட்டிருந்தோம். அவர் பிள்ளையாருக்குப் பின்னால் ஒரு குளத்தையும், குளத்தின் அணைக்கட்டில் சைக்கிளில் போகும் சிறியதொரு மனிதனையும் வரைந்துவிட்டார். இணங்கிய வேலைக்குப் புறம்பான வேலை என்று எழுதி வைத்தேன். அவர் கவலைப்படவில்லை. "சுவாமிக்குப் பின்னாலை வெறுஞ்சுவர் இருந்தா அவருக்கு ஊரில்லாத மாதிரி இருக்கும், ஐயா. காசு கூட்டிக் கேக்கேல்லை. விருப்பமில்லையெண்டா அழிக்கிறன்," என்றார். அழிக்கச் சொல்லத்தான் போயிருந்தேன். இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று சபைக் கூட்டத்தில் கேட்டார்கள். விடயம் கவனிக்கப்படுகிறது என்றேன். அந்தச் சைக்கிள்காரன் எங்கே போகிறான் என்று ஒவ்வொரு பூசையிலும் பார்க்கிறேன்.

காது திறந்தது இவை எதனாலும் அல்ல. பாண் ஆட்டோவால்.

எங்கள் ஒழுங்கைக்குக் காலையும் மாலையும் பாணும் பணிசும் விற்கும் பேக்கரி ஆட்டோ வரும். அது ஒரே மெட்டைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டு வரும். யாரோ வெள்ளைக்காரர் பியானோவுக்கு எழுதியது என்று மாஸ்டர் சொன்னார். எங்களுக்கு அது சங்கிலிப் பணிசின் மெட்டு. ஒருநாள் பின்னேரம் அந்த மெட்டு வந்தபோது கதிரையில் நிமிர்ந்து இருந்தேன். ஏதோ பிழை. என்ன பிழை என்று சொல்லத் தெரியவில்லை. படலைக்குப் போய்ப் பாண்காரரிடம் கேட்டேன்.

"பற்றறி இறங்கிப் போச்சு ஐயா. பாட்டு இழுக்குது. ஒருத்தரும் கவனிக்கேல்லை, நீங்கள்தான் முதல் ஆள்."

உலகத்தில் ஒரு மெட்டு சரியாக இல்லை என்பதை நானாகக் கண்டுபிடித்தது அன்றுதான். மீன் வைத்த மாலுபணிஸ் இரண்டு கூடுதலாக வாங்கினேன். மனைவி ஏன் என்று கேட்டாள். ஒன்றை அவளிடம் நீட்டினேன்.

அடுத்த காலை, பேப்பரை எடுக்காமல் விறாந்தையில் இருந்து அவள் பாடுவதைக் கேட்டேன். முதலாவது பாட்டில், மூன்றாவது அடியின் நடுவில், அவளுடைய குரல் இறங்கியது. சத்தமும் குறைந்தது. பக்கத்து அறைக்குள் போய் ஏதோ எடுத்துக்கொண்டு வருவதுபோல ஒரு கணம் ஒதுங்கிவிட்டு, பிறகு பழைய இடத்துக்கு வந்தது. மறுநாளும் அதே இடத்தில் அப்படியே. ஒரு கிழமை கேட்டேன். ஒரு நாள்கூடத் தவறவில்லை. பற்றறி இறங்கினதும் இப்படித்தான் இருந்தது. அது பிழையென்று உடனே தெரிந்தது. இது பிழையா? இதற்கும் நிமிர்ந்து இருந்தது உண்மை. ஆனால் அன்று போலப் படலைக்குப் போய் விசாரிக்கத் தோன்றவில்லை.

சாட்சியங்களைச் சேகரிக்கத் தீர்மானித்தேன். தேநீர் குடிக்க என்று மாஸ்டரைக் கூட்டிவந்து விறாந்தைக் கதிரையில் இருத்தினேன். உள்ளே அவள் பாடினாள். அந்த இடம் வந்ததும் மாஸ்டர் முகத்தைச் சுளித்தார்.

"குரல் நல்லது. ஆனா அந்த இடத்திலை விழுகுது ஐயா. சுருதி நிக்கேல்லை. நேரை போக வேணும்."

"அப்ப பிழை."

"பிழைதான். ஏன் சந்தேகம்?"

"உங்களுக்கு அதிலை ஒண்டும் செய்யேல்லையோ?"

"செய்தது. பல்லுக் கூசினது."

இரண்டாவது சாட்சி, அடுத்த வளவில் மாடு வளர்க்கும் பெண். மலைநாட்டிலிருந்து அந்தக் காலத்தில் இங்கே வந்து குடியேறிய குடும்பம். காலையில் பால் கொண்டுவருபவர். அந்த இடம் வரும்போது பால் போத்தலைப் பிடித்தபடி வேலியோரமாக நின்று கண்ணைத் துடைத்தார்.

"ஏன் அழுறீங்கள்?" என்றேன்.

"தெரியலீங்க ஐயா. அம்மா அந்த எடத்துல கொரல எறக்குறாங்க பாருங்க, அப்ப எங்க வூட்டுக்காரரு ஞாபகம் வருது."

"அவருக்கு என்ன?"

"ஒன்னுமில்லீங்க, மாட்டுக்குப் புல்லறுக்கப் போயிருக்காரு."

இவர் தொலைக்காட்சி நாடகங்களுக்கும் அழுபவர் என்பதால் சாட்சியம் பலவீனமானது. ஆனால் மாஸ்டருடைய சாட்சியமும் பல்லை அடிப்படையாகக் கொண்டது.

இரண்டு சாட்சியங்களும் முரண்பட்டதால் நானாகவே ஒரு காரணம் கண்டுபிடித்தேன். கவிதை வாசித்த தைரியம் எனக்கு. யுத்தத்தில் இடம்பெயர்ந்து நாங்கள் முகாமில் இருந்த காலத்தில், பக்கத்துக் கூடாரத்துக் குழந்தை எழும்பிவிடும் என்று அவள் குரலைக் குறைத்துப் பாடியிருக்க வேண்டும், அந்தப் பழக்கம் அந்த அடியில் தங்கிவிட்டது. எவ்வளவு அழகான விளக்கம்! அன்று மத்தியானம் சோற்றுக்கு முன்னால் இருந்தபோது மெதுவாகக் கேட்டேன்.

"நீர் அந்த மூண்டாம் அடியிலை குரலைக் குறைக்கிறது முகாமிலை பாடின ஞாபகத்திலையோ?"

அவள் கரண்டியோடு நின்றாள். "முகாமிலை நான் எங்கை பாடினனான்? தண்ணிக்கு வரிசையிலை நிண்டதுதான் கண்டது. எனக்கு அந்த இடத்திலை மூச்சுக் காணாது, அதுதான். ஏன், கேக்கிற ஆக்களுக்கு விளங்குதோ?"

"இல்லை, இல்லை."

"விளங்குதெண்டுதானே கேக்கிறியள்? மாஸ்டரைக் கூட்டிக்கொண்டு வந்து இருத்தினதும் அதுக்குத்தானோ?"

நான் பருப்பைப் போட்டுக்கொண்டேன்.

இப்போது என் முன்னால் இருந்தவை இவை: ஒரு பிழை, அது பிழையென்று சொல்லும் தகுதியுள்ள ஒருவரின் கூற்று, அந்தப் பிழைக்கு அழுத ஒரு பெண், மூச்சுப் போதாமை என்ற உத்தியோகபூர்வக் காரணம். இவற்றை வைத்து, பாடலாம் என்று எழுதினால் இல்லாததை எழுதினவனாவேன். கூடாது என்று எழுதினாலும் அப்படித்தானோ என்று ஒரு சந்தேகம். காலையில் ஒரு முடிவும் மாலையில் அதற்கு எதிரான முடிவும் வந்தன. திருவிழா தொடங்கியது. மூன்றாம் நாள் எங்கள் உபயம். இரண்டாம் நாள் பூசை முடிந்து வந்ததும் அவள் விறாந்தையில் எனக்கு எதிரே வந்திருந்தாள்.

"என்னப்பா, முடிவு?"

"இன்னும் கொஞ்சம் ஆராய வேண்டிக் கிடக்கு."

கோபித்திருக்கலாம். கோபிக்கவில்லை. தலையை ஆட்டிவிட்டுக் கைபேசியை எடுத்தாள். "மாஸ்டர், நான்தான். இந்த முறையும் நீங்களே வந்து பாடிவிடுங்கோ... ஓம்... இல்லை, எனக்குக் கொஞ்சம் தடிமன், தொண்டை கட்டிக் கிடக்கு." கைபேசியை வைத்துவிட்டு, நாளைக்கு மோதகத்துக்குத் தேங்காய் போதுமா என்று என்னிடம் கேட்டாள். அலுவலகக் கோவையொன்றை மூடுவது எப்படி என்று எனக்கும் தெரியும். இவ்வளவு சுத்தமாக நான் மூடியதில்லை.

மறுநாள் உபயம். பூசை முடிந்தது. ஐயர் திரும்பினார். மாஸ்டர் முன்னால் வந்து பாடத் தொடங்கினார். குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. முதலாவது அடி, இரண்டாவது அடி. மூன்றாவது அடி தொடங்கியதும், என்னை அறியாமல் நான் கொஞ்சம் முன்னுக்குச் சாய்ந்தேன். மாஸ்டர் நேராகப் போனார். அந்த இடம் வரவேயில்லை. கிணற்றில் வாளி நிறைந்திருக்கும் என்று இழுக்க, வெறுங்கயிறு கைக்கு வந்ததைப் போல இருந்தது. பெண்கள் பக்கம் பார்த்தேன். மனைவி கண்ணை மூடிக்கொண்டு சத்தமில்லாமல் கூடவே பாடிக்கொண்டிருந்தாள். அந்த இடத்தில் அவளுடைய வாய் நின்று, தோள் கொஞ்சம் உயர்ந்து, பிறகு மறுபடி சேர்ந்துகொண்டது.

மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பும்போது, பின்னுக்கு இருந்தவளிடம் சொன்னேன்.

"அந்த இடம் வரேல்லை."

"எந்த இடம்?"

"நீர் குரலை இறக்கிற இடம். மாஸ்டர் பாடேக்கை நான் பாத்துக்கொண்டு நிண்டனான். வரேல்லை."

"அது பிழையெண்டுதானே அவர் சொன்னவர்?"

"ஓம், பிழைதான்."

"பிறகு?"

"எனக்கு அது வேணும்போலை கிடந்தது. ஏனெண்டு கேக்காதையும். தெரியாது."

ஒழுங்கை முடக்கில் வேகத்தைக் குறைத்தபோது அவள் கேட்டாள்: "அப்ப பாடலாமோ, கூடாதோ?"

"பாடலாம்."

"இதை நேற்றுச் சொல்லியிருக்கலாமே."

"நேற்று எனக்குத் தெரியாது."

"நல்ல ஏ.ஓ." என்றாள். முதுகில் ஓர் அடியும் விழுந்தது. செல்லமான அடியா, மற்ற அடியா என்று அதிலும் எனக்குச் சந்தேகம்.

வீட்டு வாசலில் இறங்கும்போது, வருடப்பிறப்புப் பூசைக்குப் பாடுவீரா என்று கேட்டேன். "யோசிச்சுச் சொல்லுறன்," என்றாள். அதன்பிறகு குசினியில் பாட்டு இல்லை. கைபேசி அரிசிப் பானைக்குப் பக்கத்தில் கிடந்தது, வாய் திறக்கவில்லை. நான் காலையில் பேப்பரை மடியில் வைத்துக்கொண்டு வெட்டு மெசின் போன வயலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்டால், கவனிக்கப்படுகிறது என்றாள். என்னுடைய சொற்களை என்னிடமே திருப்பி அனுப்புவதற்கு எந்த விதியிலும் தடையில்லை.

வருடப்பிறப்பு அன்று கோயிலில் நல்ல சனம். பூசை முடிந்து ஐயர் திரும்பினார். வழக்கம்போல எல்லோரும் மாஸ்டரைப் பார்த்தார்கள். மாஸ்டர் தொண்டையைச் செருமினார். அவர் தொடங்குவதற்கு முன்னால் பெண்கள் பக்கத்திலிருந்து மனைவியின் குரல் வந்தது. முதலாவது அடியில் கொஞ்சம் நடுங்கியது. மூன்றாவது அடியில், அந்த இடத்தில், இறங்கியது. பால்காரப் பெண் சேலைத் தலைப்பை எடுத்தார். மாஸ்டர் முள்ளை மிதித்தவரைப் போலக் கண்ணை மூடினார். இரண்டு பேரில் யார் சரி என்று நான் இன்றும் அறியேன். பாடுவீரா என்ற என் கேள்விக்குப் பதில் கிடைத்த திகதி: சித்திரை மாதம் முதலாம் நாள், காலைப் பூசை.